வெற்று எடை

கடைசி டிராக்டரும் இறக்கிவிட்டுப் போயாயிற்று.
காஹேத்தியில் அக்டோபர் இருட்டு
திராட்சைச் சக்கையின் புளிப்போடுதான் இறங்கும்.
இன்று நாற்பத்தோரு வண்டி.
சரக்கோடு எவ்வளவு, இறக்கிய பின் எவ்வளவு,
கழித்து வருவதற்குத்தான் காசு.
பத்தொன்பது வருஷமாக
இந்த ஆலையில் எனக்கு இதுதான் வேலை.

எடை பார்க்குமுன்
குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிதுக்கி
சாற்றைக் கண்ணாடியில் தடவி
வெயிலுக்கு நேரே பிடிப்பேன்.
"இனிப்பு நிற்குமா, மாக்வாலா?"
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
காத்திருப்பார்கள் ஆண்கள்.
இருபத்திரண்டு என்றால் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

பழத்துக்குச் சர்க்கரை ஏறினால் விலை ஏறும்.
எனக்கும் ஏறியிருக்கிறது,
வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு.
யாரும் தொப்பியைக் கழற்றவில்லை.

தெலாவியில் டாக்டர் தேயோனா
இடுப்பில் நாடாவைச் சுற்றிவிட்டு
"மூச்சை விடுங்கள்" என்றாள்.
பிடித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.
மாதம் நின்று பதினாலு மாதம்.
நின்றது மாதம்தான்,
மாதங்கள் எங்கே நின்றன?

"நீங்கள் அதிகம் சாப்பிடவில்லை" என்றாள்.
(இதற்காகவே அவளுக்கு
ஒரு கூடை சபெராவி அனுப்ப வேண்டும்.)
"அதே சாப்பாடுதான்,
உடம்பு செலவைக் குறைத்துக்கொண்டது.
தொடையில் குடியிருந்தது
வயிற்றுக்கு வீடு மாறிவிட்டது.
தசை சொல்லாமல் கிளம்பிக்கொண்டிருக்கிறது.
கனம் தூக்குங்கள். நன்றாகத் தூங்குங்கள்."

தூங்குவதாம்.
மூன்று மணிக்கு முதுகுக்குள் யாரோ
அடுப்பு மூட்டுகிறார்கள்.
நனைந்த இரவு உடையோடு முற்றத்தில் நிற்கிறேன்.
முதல் மாதம் கூடவே எழுந்து வந்த நாய்
இப்போது ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்க்கிறது.
திரும்பி வருகிற வழியில் சமையலறை.
ரொட்டி இருக்கிறது. பாலாடைக்கட்டி இருக்கிறது.
பசி இல்லை.
கை மட்டும் போகிறது.

மத்தியானம் கோச்சா வண்டியை ஏற்றிவிட்டுச் சொன்னான்:
"மேடைப் பக்கம் வராதே மாக்வாலா,
என் சரக்குக்கு நாற்பது கிலோ கூடிவிடும்!"
வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன், பழக்கம்.
பிறகு அவன் சீட்டில்
ஈரத்துக்கும் இலைக்கும் நாற்பது கிலோ கழித்தேன்.
விதிப்படிதான்.

இப்போது யாருமில்லை.
நானே ஏறி நிற்கிறேன் மேடையில்.
டன் கணக்கில் யோசிக்கிற இயந்திரம் இது,
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
கிளினிக்கில் எண்பத்து மூன்றரை.
இங்கே பலகையில் சிவப்பாக எண்பது.
மூன்று வருஷத்துக்கு முன்
எழுபத்திரண்டாக இருந்தபோது ஏறியிருந்தாலும்
எண்பது என்றுதான் சொல்லியிருக்கும்.
அக்காவுக்கு, பக்கத்து வீட்டுக்கு,
கல்யாணத்தில் எதிரே உட்கார்ந்தவளுக்கு
தெரிந்ததெல்லாம்
இதற்குத் தெரியவில்லை.
எடை போடத் தெரிந்தவர்கள்
இவ்வளவு பேர் நடுவில் இது ஒன்று.

அறைக்குள்ளிருந்து லம்ஸீரா கத்துகிறாள்:
"சீட்டு வெற்று எடை கேட்கிறது, என்ன போட?"

எதை இறக்கிய பிறகு என்று சொல்வது?

ஓரமாக மறந்துபோன பழப்பெட்டி ஒன்று கிடக்கிறது.
முட்டியை மடக்கி, மார்போடு அணைத்துத் தூக்குகிறேன்.
நூறு.
கீழே வெளிவிளிம்பில் வைக்கிறேன்.
எண்பது.
மறுபடி நூறு.
"உனக்குப் பைத்தியமா, சாப்பாட்டுக்கு நேரமாகிறது"
என்றவள் ஜன்னலைத் திறந்து
எண்ணத் தொடங்கிவிட்டாள்,
நாலு, ஐந்து.
கழுத்திலிருந்து அந்தச் சூடு கிளம்புகிறது.
இந்த முறை அதற்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்.

ஒன்பதில் கை நடுங்குகிறது.
பெட்டி பாதி தரையில், பாதி என்மேல்.
பலகையிலும் எண் நிலைகொள்ளவில்லை:
எண்பது, நூறு, எண்பது,
நூறு.